உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க அரசுப் பள்ளிகளின் தேர்வுக் கதை

● அமெரிக்கப் பெருநகர அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, மழலையர் வகுப்பில் தொடங்கி 12ஆம் வகுப்பை முடிப்பதற்குள் கட்டாயமாக எழுதவேண்டிய பொதுவான தேர்வுகள் சராசரியாக 112. நாட்டின் 66 பெருநகரக் கல்வி மாவட்டங்களில் கணக்கெடுத்து 2015இல் வெளியிட்ட எண்ணிக்கை இது. வகுப்பாசிரியர் தானாக வைக்கும் தேர்வுகள் இதில் சேர்த்தி இல்லை. கணக்கு வெளியானதும் அதிபர் ஒபாமா, பள்ளி நேரத்தில் 2 விழுக்காட்டுக்கு மேல் தேர்வுக்குப் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

● 1845க்கு முன்னால் பாஸ்டன் அரசுப் பள்ளிகளில் எழுத்துத் தேர்வு என்ற பேச்சே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழுவினர் வந்து உட்காருவார்கள். பிள்ளைகளை எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பார்கள். நன்றாக ஒப்பிக்கிற நாலு பிள்ளைகள் பதில் சொல்ல, பள்ளி நல்ல பெயர் வாங்கிவிடும். அந்த ஆண்டுக் கோடையில் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்ற குழு உறுப்பினர், முன்கூட்டிச் சொல்லாமல், அச்சடித்த ஒரே வினாத்தாளை 530 பிள்ளைகளிடம் கொடுத்துக் கடிகாரம் பார்த்து எழுதச் சொன்னார். சரியான விடைகள் சராசரியாக 30 விழுக்காடுதான். நகரமே அதிர்ந்தது.

● அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு சண்டையும் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விச் செயலர் ஹொரேஸ் மான், ஹோவின் நெருங்கிய நண்பர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் பாஸ்டன் தலைமையாசிரியர்கள் 31 பேர் மானின் அறிக்கையைத் தாக்கி ஒரு புத்தகமே போட்டிருந்தார்கள். ஆக, பிள்ளைகளின் நிலையை அறிய வேண்டும் என்ற நியாயமான ஆசையும், ஆசிரியர்களை மடக்க வேண்டும் என்ற ஆத்திரமும் முதல் தேர்விலேயே கலந்து கிடந்தன. அமெரிக்கத் தேர்வுகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டும் மாறி மாறித் தலைகாட்டுவதைப் பார்க்கிறேன். முதல் நோக்கம் மேலோங்கிய இடங்களில் பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்திருக்கிறது. இரண்டாவது மேலோங்கிய இடங்களில் அவர்கள்தான் அடிபட்டிருக்கிறார்கள்.

● ஆனாலும் எழுத்துத் தேர்வுக்காக மான் வைத்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆசிரியர் நடுவில் சாடை காட்ட முடியாது. விடை காகிதத்தில் நிற்கும், யாரும் மறுக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஸ்மித் பள்ளி எவ்வளவு கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதையும் அந்தத் தேர்வு எழுத்தில் காட்டியது.

● ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பி மதிப்பெண் போடச் சொன்னால் என்ன ஆகும்? 1913இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். குறைந்த மதிப்பெண் 28. அதிக மதிப்பெண் 92. கணக்குத்தாளுக்கே இந்தக் கதி. திருத்துபவர் யார் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளை தேறுவதும் தோற்பதும் நடந்தால் அது அநியாயம்தான். "சரியான விடையைத் தேர்ந்தெடு" என்ற வகைக் கேள்வி இந்த அநியாயத்துக்கு மாற்றாகத்தான் வந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கெல்லி தயாரித்த வாசிப்புத் தேர்வு அதன் முன்னோடிகளில் ஒன்று. பசு, புலி, எலி, ஓநாய் என்று நாலு பெயர்; பண்ணைக்குப் பயன்படும் விலங்கைச் சுற்றிக் கோடு போட வேண்டும்.

● கணினி திருத்தும் விடைத்தாளில் பென்சிலால்தான் வட்டத்தை நிரப்பச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பழக்கத்தின் தொடக்கத்தில் இருப்பவர் மிச்சிகன் மாநிலப் பள்ளி ஆசிரியர் ரெனால்ட் ஜான்சன். சிறுவனாக இருந்தபோது, அக்காவைப் பார்க்க வரும் இளைஞர்களின் கார் ஸ்பார்க் பிளக்குகள் மேல் பென்சிலால் கிறுக்கிவைப்பாராம். கிராஃபைட் வழியாக மின்சாரம் ஓடிவிடும், வண்டி கிளம்பாது. அந்தக் குறும்பிலிருந்து பிறந்ததுதான், பென்சில் குறிகளில் மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் எந்திரம். ஐ.பி.எம். நிறுவனம் அதை 1938இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1956இல் வெளிவந்த உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைவரும் இதே ஜான்சன்தான்.

● அறிவுத்திறன் தேர்வை 1905இல் பாரிஸில் உருவாக்கியவர்கள் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன். பள்ளிப் பாடத்தோடு ஓட முடியாமல் திணறும் பிள்ளைகள் யார் யார் என்று கண்டுபிடித்து, அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். பிள்ளைகளை வரிசைப்படுத்த இதைப் பயன்படுத்துவார்களோ என்று பினே அஞ்சினார். அவர் 1911இல் இறந்தார். 1916க்குள் அமெரிக்காவில் அவருடைய தேர்வு, மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கும் கருவியாகிவிட்டது.

● முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்தது. அந்த எண்களை வைத்துக்கொண்டு சில இனத்தார் பிறவியிலேயே மந்தமானவர்கள் என்று 1923இல் புத்தகம் எழுதினார் கார்ல் பிரிகம். கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை 1926இல் உருவாக்கியவரும் அவரே. 1930இல் தம் பழைய முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்து, லட்சக்கணக்கானோருக்குக் கதவு அடைபட்டிருந்தது. தேர்வு முடிவை யார் கையில் கொடுக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

● எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் தராத தேர்வு ஒன்று அமெரிக்காவில் 1969 முதல் நடக்கிறது. பெயர், தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு. நாடு முழுவதும் சில பள்ளிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பிள்ளைகளும் முழு வினாத்தாளை எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு பகுதிதான். எல்லாவற்றையும் சேர்த்து மாநிலத்தின் நிலை என்ன, ஏழைப் பிள்ளைகளின் நிலை என்ன என்று கணிப்பார்கள். யாரும் தோற்பதில்லை. எந்த ஆசிரியருக்கும் தண்டனை இல்லை. ஆகவே யாரும் இதற்கென்று டியூஷன் வைப்பதும் இல்லை, மோசடி செய்வதும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எட்டாம் வகுப்புக் கணக்கில் 8 புள்ளிச் சரிவு, அந்தத் தேர்வின் வரலாற்றிலேயே பெரிய சரிவு என்று நாட்டுக்கு உண்மை சொன்னது இந்தத் தேர்வுதான். தேர்வுகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

● இதே மாதிரித் தேர்வு முறையில் உலக அளவில் நடப்பது பீசா. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதை எழுதியிருக்கிறார்கள்! 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. இரண்டும் பட்டியலின் கடைசிப் பகுதியில் நின்றன. 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா இல்லை. முகம் பிடிக்கவில்லை என்று கண்ணாடியை எடுத்துவைத்த இந்த முடிவு எனக்கு வருத்தம் தருகிறது.

● 1987இல் மேற்கு வர்ஜீனியா மருத்துவர் ஜான் கனெல், 50 மாநிலங்களின் தேர்வு முடிவுகளையும் திரட்டினார். ஐம்பதுமே தேசிய சராசரிக்கு மேல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டன. எல்லாரும் சராசரிக்கு மேல் இருப்பது எப்படிச் சாத்தியம்? பழைய சராசரியோடு ஒப்பிட்டதும், ஒரே வினாத்தாளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியதும், கேள்விகள் தெரிந்தே பாடம் நடத்தியதும் காரணங்கள்.

● 2002 ஜனவரி 8. "எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது" என்ற சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். 3 முதல் 8ஆம் வகுப்புவரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை. 2014க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேற வேண்டும். தொடர்ந்து இலக்கைத் தவறவிடும் பள்ளிக்குப் படிப்படியாகத் தண்டனை. கடைசியில் ஆசிரியர்களை மாற்றுவது, நிர்வாகத்தையே பறிப்பது வரை போகலாம். நூற்றுக்கு நூறு என்ற இலக்கை எந்த மாநிலமும் எட்டவில்லை.

● அந்தச் சட்டத்தைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள் என்று ஒவ்வொரு பிரிவின் முடிவையும் பள்ளி தனித்தனியே வெளியிட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 95 விழுக்காட்டுப் பிள்ளைகளாவது தேர்வு எழுத வேண்டும் என்றது. பணக்காரப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துச் சராசரி காட்டி, மற்றவர்களை அந்த நிழலில் மறைத்துவைத்த பள்ளிகள் அம்பலப்பட்டன. நாலாம் வகுப்புக் கணக்கில், அதிலும் பின்தங்கிய பிள்ளைகளிடம், நல்ல முன்னேற்றம் தெரிந்ததாகத் தாமஸ் டீ, பிரையன் ஜேக்கப் ஆகியோரின் ஆய்வு சொல்கிறது. வாசிப்பில் அப்படி எதுவும் தெரியவில்லை.

● தேறியவர் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணினால், ஆசிரியரின் கவனம் எந்தப் பிள்ளை மேல் விழும்? நம் ஊர் ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்; பார்டரில் நிற்கும் பிள்ளை மேல்தான். டெக்சஸ் பள்ளி ஒன்றில் நடந்ததை ஓர் ஆய்வாளர் 2005இல் பதிவு செய்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினால் தேறிவிடுவார்கள் என்ற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு; எப்படியும் தேறுவார்கள் என்பவர்களை அப்படியே விட்டுவிடுவது; தேறவே மாட்டார்கள் என்று முடிவு கட்டியவர்களையும் விட்டுவிடுவது. சிகாகோ மதிப்பெண்களை ஆராய்ந்த பொருளியலாளர்களும் இதையே கண்டார்கள். நடுவில் இருந்தவர்கள் முன்னேறினார்கள். அடித்தட்டில் இருந்தவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. பின்தங்கக் கூடாது என்று பெயர் வைத்த சட்டம், மிகவும் பின்தங்கியவர்களைத்தான் கைவிட்டது.

● சட்டம் வந்த ஐந்தாவது ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பில், தொடக்கப் பள்ளிகளில் வாசிப்புக்கும் கணக்குக்கும் நேரத்தைக் கூட்டியதாக 62 விழுக்காடு கல்வி மாவட்டங்கள் சொல்லின. அறிவியல், சமூக அறிவியல், இசை, ஓவியம், விளையாட்டு, மதிய இடைவேளை போன்றவற்றிலிருந்து நேரத்தை வெட்டியதாக 44 விழுக்காடு மாவட்டங்கள் ஒப்புக்கொண்டன. நம் பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் எங்கே போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

● வர்ஜீனியாவில் தண்டனை அச்சத்தில் இருந்த பள்ளிகள், தேர்வு நாட்களில் மட்டும் மதிய உணவில் கலோரியைக் கூட்டின. ஃபுளோரிடாவில் ஒரே தவற்றைச் செய்த இரண்டு பிள்ளைகளில், மதிப்பெண் குறைவாக எடுக்கும் பிள்ளைக்கு நீண்ட இடைநீக்கம் கிடைத்தது. தேர்வுக் காலத்தில் அந்த வேறுபாடு இன்னும் கூடியது. இரண்டையும் ஆராய்ந்து வெளியிட்டவர் டேவிட் ஃபிக்லியோ. முதல் செய்தியைப் படித்தால் புன்னகை வரலாம். இரண்டாவது என்னைத் தூங்கவிடாத செய்தி.

● ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால் அந்த எண் கெடும்; அது அளக்கவந்த காரியமும் சேர்ந்து கெடும். சமூக உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களில் சொன்ன இந்தக் கருத்துக்குக் கேம்பெல் விதி என்றே பெயர். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பள்ளித் தேர்வும் ஒன்று.

● அந்த விதிக்கு அட்லாண்டாவை விடப் பெரிய சாட்சி கிடையாது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த அந்த நகரப் பள்ளிகளின் மதிப்பெண்கள் ஆண்டுதோறும் ஏறின. கல்விக் கண்காணிப்பாளருக்கு 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருது கிடைத்தது. உள்ளூர் நாளிதழ் ஒன்றுக்குச் சந்தேகம் வந்தது. விடைத்தாள்களில் அழித்து எழுதிய குறிகளை எண்ணிப் பார்த்தபோது, தப்பிலிருந்து சரிக்கு மாற்றியவை நம்ப முடியாத அளவில் இருந்தன. 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டிருப்பதாக 2011இல் மாநில விசாரணை அறிக்கை சொன்னது. 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். கும்பல் குற்றங்களுக்காக எழுதப்பட்ட சட்டத்தின்கீழ் 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தவறிய ஆசிரியர்களும் அவர்களில் உண்டு; அவர்களுக்காக நான் வருந்துகிறேன். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையின் தாளில் "தேர்ச்சி" என்று விழுந்ததால், அதற்குச் சட்டப்படி கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் வகுப்பும் கிடைக்காமல் போனது. அந்த இழப்புக்கு எந்தத் தீர்ப்பும் ஈடாகவில்லை.

● கவிஞர் சாரா ஹோல்புரூக்கின் இரண்டு கவிதைகள் டெக்சஸ் மாநிலத் தேர்வுத் தாளில் இடம்பெற்றன. தம் கவிதைகளைப் பற்றிய சில கேள்விகளுக்குத் தமக்கே விடை தெரியவில்லை என்று 2017இல் அவர் எழுதினார். ஒரு கேள்வி, கவிதையை ஏன் இரண்டு பத்தியாகப் பிரித்தார் என்பது. மேடையில் வாசிக்கும்போது அந்த இடத்தில் அவர் நிறுத்துவார், அவ்வளவுதான் காரணம். கொடுத்திருந்த நாலு விடைகளில் அது இல்லை.

● 2012இல் நியூயார்க் எட்டாம் வகுப்புத் தாளில், பேசும் அன்னாசிப்பழம் ஒன்று முயலைப் பந்தயத்துக்கு அழைக்கும் கதை வந்தது. கேள்விகள் யாருக்கும் விளங்கவில்லை. மதிப்பெண் கணக்கிலிருந்தே அவற்றை நீக்கினார்கள்.

● காலை 8 மணிக்கு எழுதுவதும் மதியம் 1 மணிக்கு எழுதுவதும் ஒன்றா? டென்மார்க்கில் சுமார் 20 லட்சம் தேர்வு முடிவுகளை ஆராய்ந்ததில், நேரம் ஏற ஏற மதிப்பெண் சிறிது சிறிதாக இறங்கியது. 20, 30 நிமிட இடைவேளை விட்டதும் மேலே ஏறியது. நியூயார்க்கில் வெயில் கொளுத்திய நாட்களில் தேர்வெழுதிய பிள்ளைகள் குறைவாக எடுத்தார்கள். நம் ஊரில் ஏப்ரலில் மின்விசிறி ஓடாத அறையில் எழுதும் பிள்ளைகளைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும்.

● 2015இல் நியூயார்க் மாநிலத்தில் தேர்வெழுத வேண்டிய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் எழுதவில்லை. வீட்டிலிருந்து பெற்றோரே மறுத்துக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்! அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றியது. ஆண்டுத் தேர்வு தொடர்கிறது. பின்தங்கும் பள்ளிகளைத் தண்டிப்பதா, அவற்றுக்கு எப்படி உதவுவது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள்.

● மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்களிடமே கேட்டார்கள்: பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலத் தேர்வில் தேறியே ஆகவேண்டுமா? வேண்டாம் என்றார்கள் சுமார் 59 விழுக்காட்டினர். தேர்வு ஒழியவில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் எழுதுகிறார்கள். அதில் தோற்றால் பட்டயம் இல்லை என்ற விதி மட்டும் போனது.

● இனி மறுபக்கம். தேர்வே வேண்டாம் என்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். ஃபுளோரிடாவின் பெரிய கல்வி மாவட்டம் ஒன்றில், மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் தேர்வு வைப்பார்கள். 2005இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். சிறப்பு வகுப்புக்குத் தகுதி பெற்ற கறுப்பினப் பிள்ளைகள் 80 விழுக்காடும், ஹிஸ்பானியப் பிள்ளைகள் 130 விழுக்காடும் கூடினார்கள். அந்தப் பிள்ளைகள் அதே வகுப்பறைகளில்தான் அதுவரையும் உட்கார்ந்திருந்தார்கள். அன்பான ஆசிரியர்களின் கண்ணுக்கும் அவர்கள் படவில்லை. பிறகு பணமில்லை என்று அந்தத் தேர்வை நிறுத்தினார்கள். பழைய ஏற்றத்தாழ்வு திரும்பி வந்தது.

● மிச்சிகனில் 2007 முதல் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கல்லூரி நுழைவுக்கான ஏ.சி.டி. தேர்வைத் தங்கள் பள்ளியிலேயே, பள்ளி நேரத்திலேயே, கட்டணமில்லாமல் எழுதினார்கள். அதற்கு முன் விருப்பப்பட்டவர்கள் சனிக்கிழமை பணம் கட்டி எழுத வேண்டும். விருப்பத்தேர்வாக இருந்தபோது கல்லூரிக்குத் தயார் என்று தெரிந்த ஏழைப் பிள்ளைகள் 1,000 பேர் என்றால், எல்லாரும் எழுதியதும் இன்னும் 480 பேர் அதே தகுதியோடு வெளிப்பட்டார்கள். நானூற்று எண்பது பேர்! பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் மறைத்துவைத்திருந்த பிள்ளைகள் இவர்கள்.

● தமிழ்நாட்டில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, தன் பள்ளிகளில் இந்த இரு வகுப்புகளுக்கும் கட்டாயத் தேர்ச்சி முறையை நீக்கியது. மாநிலப் பள்ளிகளில் பழைய முறையே தொடரும் என்றது தமிழ்நாடு. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்கடித்து உட்காரவைப்பதை நான் ஏற்கவில்லை. அதற்காக அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று பார்க்காமலே ஆறாம் வகுப்புக்கு அனுப்புவதையும் ஏற்க முடியவில்லை.

● உங்கள் பிள்ளையின் ரேங்க் கார்டு அடுத்தமுறை கைக்கு வரும்போது, எத்தனையாவது ரேங்க் என்று கேட்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். "இந்த மதிப்பெண்ணை வைத்து அடுத்த மாதம் என் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.